எள்ளுத்தாத்தாவின் பத்திரம்: தெற்கு இத்தாலியின் ஆவணக் காப்பகங்களில்

செப்டம்பர் 22, 2025, திங்கள் – நேப்பிள்ஸ்

என் மருமகள் நியூஜெர்சியில் பிறந்தவள். அவளுடைய தந்தைவழி எள்ளுத்தாத்தா சிறுவனாக இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, ஹார்ப் என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்துப் பெயர் பெற்றவர் என்பது அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லப்படும் கதை. அதற்குச் சான்று தேடும் வேலை முதலில் குடியுரிமைக்காகத்தான் தொடங்கியது. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் இத்தாலிய வம்சாவளியினர் குடியுரிமை கோரலாம் என்றிருந்த நிலையை, 2025 மார்ச் 28 அன்று வந்த அவசரச் சட்டமும் மே மாதம் அதை நிலைப்படுத்திய 74ஆம் எண் சட்டமும் மாற்றிவிட்டன. இனி பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற அளவோடு நின்றுவிடும். சம்பந்தி அன்றே காகிதங்களை மூட்டை கட்டிவிட்டார். மருமகள் கட்டவில்லை. பணிக்காலம் முழுவதையும் சார்பதிவாளர் அலுவலகங்களில் கழித்து ஓய்வுபெற்ற எனக்கு, பிறர் நாட்டுப் பதிவேடுகள் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை இருந்ததால், பேரனை மகனிடம் விட்டுவிட்டு அவளுக்குத் துணையாகக் கிளம்பினேன். குடும்பப் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இங்கே எந்தப் பெயரும் வராது.

அமெரிக்கக் குடியுரிமைத் தாளில் பிறந்த இடம் நேப்பிள்ஸ் என்றிருக்கிறது. அதை நம்பித்தான் சென்ற ஆண்டு இணையத்தில் கிடைத்த ஒரு முகவருக்குப் பணம் கட்டினாள். அவர் அனுப்பியதோ அதே பெயர் கொண்ட, பன்னிரண்டு ஆண்டுகள் இளைய வேறொருவரின் பிறப்புச் சான்று. இன்று நேப்பிள்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் கேட்டபோது, அங்கிருந்த அலுவலர் தாளைப் பார்த்ததும் புன்னகைத்தார். 1861க்கு முன் தென்னித்தாலி முழுவதும் நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட இரு சிசிலிகளின் அரசாக இருந்தது. அமெரிக்க எழுத்தர்கள் அந்த அரசின் எந்தக் குக்கிராமத்திலிருந்து வந்தவரையும் நேப்பிள்ஸ்காரர் என்றே எழுதிவிடுவார்கள் என்றார். நியூயார்க் தேவாலயம் ஒன்றின் திருமணப் புத்தகத்தில் இருந்த, எழுத்துப் பிழையோடு கூடிய ஊர்ப்பெயரைக் காட்டினோம். "விஜ்ஜானோ" என்று உடனே திருத்திச் சொன்னார். "ஹார்ப் வாசித்தவரா? அப்படியானால் ஐயமே இல்லை. பசிலிக்காத்தா மாநிலம், பொத்தென்சாவுக்குப் போங்கள்."

காப்பகம் இருப்பது பழைய பெனடிக்டின் மடாலயத்தில். 1943 செப்டம்பர் 30 அன்று, பாதுகாப்புக்காக ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்குக் கொண்டுபோய் வைத்திருந்த மிக அரிய ஆவணங்களை ஜெர்மன் படையினர் எரித்த செய்தியை அந்த அலுவலர் நேற்று நடந்தது போன்ற வருத்தத்துடன் சொன்னார். வெளியே 29 டிகிரி வெயில். நின்றுகொண்டே குடித்தால் காப்பி 1.30 யூரோ, அதே காப்பியை நாற்காலியில் அமர்ந்து குடித்தால் இரண்டு மடங்குக்கு மேல். என் முழங்கால் வலிக்கு அந்த விலை நியாயம்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய் – பொத்தென்சா

ரயில் பாதி வழியில் நின்றது. முன்னே பாதையில் வேலை நடப்பதாகச் சொல்லி எல்லோரையும் பேருந்தில் ஏற்றினார்கள். அதன் ஓட்டுநர் மலை வளைவுகளில் ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துத் தன் தாயிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பொத்தென்சா 819 மீட்டர் உயரத்தில், ஒரு நீண்ட மலைமுகட்டின் மேல் அமைந்த ஊர். நேப்பிள்ஸில் வியர்த்த நாங்கள் இங்கே மழையிலும் காற்றிலும் நடுங்கினோம். ஊரின் மேல்பகுதிக்கு ஏற நகரும் படிக்கட்டுகளைத் தொடர்வரிசையாகப் பொதுப் போக்குவரத்து போலவே அமைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பைகளோடு பாட்டிமார்களும் அவற்றில் ஏறி வீடு திரும்புகிறார்கள்.

நான் புலால் உண்பதில்லை என்று மருமகள் இத்தாலிய மொழியில் விளக்கியதும் உணவகத்துப் பெண்மணிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. விரலால் இழுத்துச் செய்த ஸ்திராஷினாத்தி என்னும் மாவுப் பண்டத்தின் மேல் வறுத்த ரொட்டித் தூளையும், வெயிலில் உலர்த்தி எண்ணெயில் பொரித்த செனிசே சிவப்பு மிளகாயையும் நொறுக்கிப் போட்டுக் கொண்டுவந்தார். உப்பும் காரமும் இல்லாத மோர்மிளகாய் என்று அதைச் சொல்லலாம். கடிக்கும்போது எழும் ஓசை முதற்கொண்டு அதுதான். 10 யூரோ, அத்துடன் மேசையில் அமர்ந்ததற்கு ஆளுக்கு 2 யூரோ.

செப்டம்பர் 24, புதன் – பொத்தென்சா

காப்பகத்தின் வாசிப்பறையில் பையைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். பென்சில் மட்டுமே அனுமதி. நாளொன்றுக்கு இத்தனை கட்டுகள்தான் என்ற வரம்பும் உண்டு. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒளிவிளக்கு இல்லாமல் நம்முடைய கைபேசியிலேயே கட்டணமின்றிப் படம் எடுத்துக்கொள்ளலாம். முத்திரை பதித்த சான்று வேண்டுமானால்தான் 16 யூரோ வில்லை ஒட்ட வேண்டும். அந்த வில்லை சிகரெட் கடையில் விற்கிறது.

இந்நாட்டுப் பதிவு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னித்தாலியின் நிலப்பகுதியில் நெப்போலியன் காலத்து ஆட்சி 1809இல் குடிமைப் பதிவைத் தொடங்கியது. சிசிலித் தீவில் 1820இல். ஒன்றுபட்ட இத்தாலிக்குப் பொதுவான முறை 1866இல்தான் வந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றும் இரண்டு அசலாக எழுதப்பட்டன; ஒன்று ஊராட்சியில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து பின்னர் அரசுக் காப்பகத்துக்கு வரும். இரண்டாவது பிரதியின் அருமையை இந்த மாநிலத்தில்தான் உணர முடிகிறது. 1857 டிசம்பர் 16 இரவு வந்த நிலநடுக்கம் அக்ரி ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சிதைத்தது. மொந்தேமுர்ரோ, சப்போனாரா ஆகிய ஊர்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் சில வாரங்களில் இங்கே வந்து, சுவர்களின் வெடிப்புகளை அளந்து, நிலநடுக்க அறிவியலுக்கு அடித்தளமான ஆய்வை எழுதினார். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் பெயர்கள் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் போயிருக்கும்!

எங்கள் ஆள் பிறந்தது அந்த நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டின் வசந்தத்தில். 1858ஆம் ஆண்டுப் புத்தகத்தின் தாள் இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்டிருந்தது: இடப்புறம் பிறப்பு, வலப்புறம் ஞானஸ்நானம் நடந்த நாள். ஆண்டும் நாளும் வயதும் எண்ணால் அல்ல, எழுத்தால் எழுதப்பட்டுள்ளன. தந்தை குழந்தையை மேயரின் முன் கொண்டுவந்து காட்டியதாக அந்தப் பதிவு சொல்கிறது. தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு முழுமையாக இருக்கிறது. இத்தாலியப் பதிவேடுகளில் பெண் திருமணத்தால் பெயரை இழப்பதில்லை என்பதை இதைப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். நம் அலுவலகங்களில் இன்னாரின் மனைவி என்று மட்டும் எழுதிவைத்த பழைய பத்திரங்களோடு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. தந்தையின் தந்தை அப்போதே இறந்துவிட்டார் என்பதும் பதிவில் தெரிந்தது; உயிரோடிருக்கும் தந்தைக்கும் மறைந்த தந்தைக்கும் வெவ்வேறு குறி இடுகிறார்கள்.

சிக்கல் ஒன்றுதான். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர் என்ற வழக்கத்தால், ஒரே கிழவரின் பெயரைச் சுமந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் இதே ஊரில் பலர். முகவர் அனுப்பிய சான்று அவர்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். தாயின் பெயர் நியூயார்க் திருமணப் பதிவோடு பொருந்தியதால்தான் இவர்தான் என்று உறுதியானது. தந்தையின் தொழில் இசை அல்ல. நிலமற்ற கூலியாள் என்றிருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன் – பொத்தென்சா

வாசிப்பறைப் பெண்மணி நேற்று மாலை விடைபெறும்போது, "விஜ்ஜானோ, ஹார்ப், கூலியாளின் மகன் என்றால் நீங்கள் நோட்டரிகளின் புத்தகங்களைப் பார்க்க வேண்டும்" என்றார். நோட்டரி எழுதிய ஆவணங்கள் நூறாண்டுக்குப் பிறகு அரசுக் காப்பகத்துக்கு வந்துவிடுகின்றன. ஊர்வாரியாக, நோட்டரிவாரியாக, ஆண்டுவாரியாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். புத்தகத்தின் கடைசியில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களின் அட்டவணை. எனக்கு மொழி தெரியாவிட்டாலும் இந்த வேலை தெரியும். மருமகள் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தாள், அட்டவணைகளில் விரல் வைத்து நான் தேடினேன், அவள் படித்தாள். பதினொரு மணிக்கு மேல் 1867ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அந்தப் பெயர் வந்தது.

நிலம் வாங்கிய பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். மகனைக் குத்தகைக்கு விட்ட பத்திரம் அது. ஒன்பது வயதுச் சிறுவனை மூன்றாண்டுக் காலத்துக்கு அதே ஊரைச் சேர்ந்த ஓர் இசைக்காரரிடம் தந்தை ஒப்படைக்கிறார். அந்த இசைக்காரர் அவனை வெளிநாடுகளுக்கு அழைத்துப்போய் வாசிக்கச் செய்து வருவாயை எடுத்துக்கொள்வார், உணவும் உடையும் தருவார், நோயுற்றால் பார்த்துக்கொள்வார். தந்தைக்கு ஆண்டுக்கு எண்பது லிரா, ஒரு பகுதி முன்பணமாக, மீதி சிறுவன் திரும்பியதும். அவன் ஓடிவிட்டால் இழப்பைத் தந்தை ஈடுசெய்ய வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தந்தைக்கு எழுதத் தெரியாததால் சிலுவைக் கீறல்.

மருமகள் வாசிப்பதை நிறுத்தி வெளியே போய்விட்டாள். நான் அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வறுமையில் எழுதிக்கொடுத்தவர்களை மேசைக்கு எதிரே ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான். முழுச் சம்மதத்துடன் என்ற வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும், அந்தச் சம்மதம் எங்கிருந்து வந்தது என்பது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. நிலநடுக்கம் முடிந்து பத்தாண்டு, நிலமில்லை, வீட்டில் ஐந்து பிள்ளைகள். அந்தத் தந்தையைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதிக் கட்டணம் வாங்கிய நோட்டரி மீதும், அதைச் சட்டபூர்வமாக ஏற்ற அரசின் மீதும்தான் எனக்குக் கோபம். மருமகளின் கோபம் தந்தையின் மீதே இருந்தது. மாலை வரை நாங்கள் இதைப் பற்றி வாதிட்டோம்.

இது ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. விஜ்ஜானோவிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஹார்ப், வயலின், குழல் ஆகியவற்றோடு பாரிஸ், லண்டன், நியூயார்க் தெருக்களுக்குச் சிறுவர்கள் இப்படித்தான் போனார்கள். நாளின் வருவாய் குறைந்தால் அடி. பாரிஸில் இருந்த இத்தாலிய உதவிச் சங்கம் 1868இல் இவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அலைந்து பிழைக்கும் தொழில்களில் குழந்தைகளை ஈடுபடுத்துவதை இத்தாலி 1873 டிசம்பர் 21 அன்று சட்டத்தால் தடைசெய்தது. அமெரிக்கா அடுத்த ஆண்டில் தன் சட்டத்தை இயற்றியது. இந்தச் சிறுவனுக்கு அப்போது வயது பதினைந்து, பதினாறு.

செப்டம்பர் 26, வெள்ளி – விஜ்ஜானோ

பேருந்து பள்ளத்தாக்கில் இறங்கும்போது முதலில் தெரிவது எண்ணெய் மையத்தின் புகைபோக்கிகள். மேற்கு ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் உள்ள மிகப்பெரிய எண்ணெய் வயல் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கூலியாட்களின் பிள்ளைகள் கடல் கடந்த காலத்திலும் அது காலடியில்தான் இருந்திருக்கிறது. ஊர் மலைமேல். கருநிற மாதாவின் சிலையை மே முதல் ஞாயிறு மலையுச்சிக் கோயிலுக்கு ஏற்றி, செப்டம்பர் முதல் ஞாயிறு இறக்கிவருவது இங்குள்ள பெருவிழா. அது முடிந்துவிட்டதால் ஊர் ஓய்ந்து கிடந்தது.

பழைய தெருக்களில் சில வீடுகளின் வாசல் கல்லில் இசைக்கருவிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பாட்டி சன்னலைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "நீ யார் வீட்டுப் பெண்?" நம் ஊரில் கேட்பது போலவே கேட்டதில் எனக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சி. மருமகள் குடும்பப் பெயரைச் சொன்னாள். அது போதாது, அந்தப் பெயரில் பாதி ஊர் இருக்கிறது, பட்டப்பெயர் என்ன என்றாள் பாட்டி. பட்டப்பெயர் எங்களுக்குத் தெரியாது. தாயின் பெயரையும் சொன்ன பிறகு, தொலைபேசியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்தாள். நாளை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி அவர் பதில் தந்தார். அதற்குள் பாட்டி எங்களுக்கு உணவு வைத்துவிட்டாள்: பக்கத்து ஊரான சர்கோனியின் பீன்ஸ் போட்ட பட்டை நூடுல்ஸ், கெட்டியான ரொட்டி, பாலாடைக்கட்டி. விலை பேசும் இடமில்லை. மருமகள் பாத்திரம் கழுவ எழுந்தபோது மட்டும் குரலை உயர்த்தினாள்.

செப்டம்பர் 27, சனி – விஜ்ஜானோ

ஆசிரியருக்கு எண்பதைக் கடந்த வயது. டை கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரே குடும்பப் பெயர் கொண்ட கிளைகளை அவர் பட்டப்பெயரால் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். தாயின் பெயரைக் கொண்டு எங்கள் கிளையை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஊரின் பெருமைகளையும் சொன்னார்: இங்கே 1875இல் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் லெயோனார்தோ தெ லொரென்சோ அமெரிக்கா சென்று ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பேராசிரியரானவர். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்து மொலிதெர்னோவுக்கு 1902இல் பிரதமர் சனார்தெல்லி வந்தபோது, எண்ணாயிரம் குடிமக்கள் சார்பில் வரவேற்கிறேன், மூவாயிரம் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள், ஐயாயிரம் பேர் கிளம்பத் தயாராகிறார்கள் என்று மேயர் சொன்னாராம். இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் தாமே சிரித்தார்.

மருமகள் குத்தகைப் பத்திரத்தின் படத்தைக் காட்டினாள். அவர் வியப்படையவில்லை. "கல்லில் ஹார்ப் செதுக்கிய வீடுகள் பணத்தோடு திரும்பியவர்கள் கட்டியவை. சிறுவர்களை அழைத்துப்போனவர்களும் அவர்களுள் உண்டு. உங்கள் ஆள் திரும்பவில்லை, அதனால் இங்கே அவருக்கு வீடு இல்லை" என்றார். மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவளுடைய வீட்டில் இத்தனை காலம் சொன்ன மென்மையான கதையைவிட இது பயன்பட்டது. அவளே அதன்பின் தந்தையைப் பற்றிப் பேசுவதை விட்டு, மீதிப்பணம் அவருக்குக் கிடைத்ததா என்று கேட்கத் தொடங்கினாள். சிறுவன் திரும்பினால்தான் மீதி என்று பத்திரம் சொல்வதால், கிடைத்திருக்க வழியில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு – விஜ்ஜானோ

ஞாயிறு பேருந்து இல்லை. கால அட்டவணையில் இருந்த சிறு குறியின் பொருள் வேலைநாள் மட்டும் என்பதை, நிறுத்தத்தில் நெடுநேரம் நின்ற பிறகு காப்பிக் கடைக்காரர் விளக்கினார். வாடகைக் காருக்குக் கேட்ட 110 யூரோவைக் கொடுக்க மனமில்லை. மழை. பூசை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் கடையில் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். காப்பிக்குப் பணம் தரப் போனால், யாரோ ஏற்கெனவே தந்துவிட்டுப் போய்விட்டார். யார் என்று கடைக்காரர் சொல்ல மறுத்துவிட்டார்.

செப்டம்பர் 29, திங்கள் – பொத்தென்சா

கடைசி வேலை, படைச் சேர்ப்புப் பட்டியல்கள். இத்தாலியில் ஆண்பிள்ளைகளைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டு இருபது வயதில் அழைத்துச் சோதித்தார்கள்; உயரம், மார்பளவு, தலைமயிர், கண்ணின் நிறம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரை ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. குடும்பத்தைத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை என்பது என் கருத்து. பிறப்புப் பதிவில் பெயர்தான் இருக்கிறது, இதில் ஆளே இருக்கிறார்.

1858ஆம் ஆண்டில் பிறந்தவர்களின் பட்டியலில் எங்கள் ஆளின் வரியில் பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் இசைக்காரர் என்ற தொழிலும் மட்டுமே. உடலைப் பற்றிய கட்டங்கள் அனைத்தும் காலி. வெளிநாட்டில் இருக்கிறார், அழைப்புக்கு வரவில்லை என்று கடைசியில் குறிப்பு. மூன்றாண்டு முடிந்தும் பதினொரு ஆண்டு முடிந்தும் அவர் திரும்பவில்லை என்பதற்கு அரசே எழுதிய சாட்சி. பிந்தைய ஆண்டுப் பட்டியலில் அவருடைய கடைசித் தம்பியின் வரி மட்டும் முழுமையாக நிரம்பியிருந்தது: 1 மீட்டர் 58 சென்டிமீட்டர், கருப்புத் தலைமயிர், பழுப்புக் கண்கள், கூலியாள், எழுத்தறிவு இல்லை. சம்பந்தியும் அந்த உயரம்தான் என்றாள் மருமகள். படமெடுத்து அனுப்பியதும் அவரிடமிருந்து பதில் வந்தது. குத்தகைப் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, தம்பியின் பிள்ளைகள் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தார்.

நடுத்தம்பிக்கும் கட்டங்கள் காலிதான். குறிப்பில் அமெரிக்கா இல்லை, ஆஸ்திரேலியா என்றிருக்கிறது. விஜ்ஜானோ இசைக்காரர்கள் மெல்பர்னின் கார்ல்டன் பகுதியில் குடியேறியதை ஆசிரியர் சனிக்கிழமை சொல்லியிருந்தார். காப்பகம் மூடுவதற்கு முன்பே, வாசிப்பறை வாசலில் நின்றபடி, மருமகள் விக்டோரியா மாநில ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டாள். இரவு மகனிடம் சொன்னபோது, அங்கே போக யார் துணைக்கு வருவது என்பதை முடிவுசெய்துவிட்டீர்களா என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.